பாலத்தில் இறங்கிய பசை

என் பொம்மை ரயில் ஓடுவது பின்னறையில். நாலு சுவரையும் ஒட்டி நெஞ்சு உயரத்துக்குப் பலகை, அதன்மேல் தண்டவாளம். நடுவில் ஓர் ஆள் நின்று வேலை பார்க்கிற அளவுக்கு இடம். அதற்குள் போய்வர, கதவுப் பக்கம் இரண்டடிப் பலகை ஒன்றை மட்டும் தூக்கி எடுக்கிற மாதிரி வைத்திருக்கிறேன். அதைப் பாலம் என்பேன். பலகைக்கு அடியில் குனிந்து நுழைய என்னால் முடியாது. முட்டியில் தகடு வைத்திருக்கிறார்கள்.

அன்று விடிந்ததும் உள்ளே போய், பாலத்தைப் பொருத்தி, அதன்மேல் போகிற தண்டவாளத்துக்கு ஜல்லி போட்டேன். கடுகைவிடப் பொடியான கல். பிரஷ்ஷால் கட்டைகளுக்கு நடுவே தள்ளிவிட்டு, தண்ணீர் கலந்த பசையைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். காயும்வரை அசைக்கக் கூடாது. ஃபேனையும் திருப்பி வைத்தேன். பத்து மணிக்குக் காய்ந்துவிடும், பத்தரைக்குத்தானே கிளம்பணும் என்று நினைத்தேன்.

போக வேண்டியது என் மனைவியின் கார் டெஸ்டுக்கு. ஏற்கெனவே இரண்டு தடவை ஃபெயில். அவளுடைய பழகுநர் லைசென்ஸ் இந்த வாரத்தோடு முடிகிறது. லைசென்ஸ் உள்ள ஒருவர் பக்கத்தில் இல்லாமல் அவள் வண்டியை எடுக்க முடியாது.

பத்து மணிக்குப் பாலத்தைத் தூக்கினேன். வரவில்லை. பசை இடுக்கில் இறங்கி ஒட்டியிருந்தது. பாலத்துக்கும் பலகைக்கும் நடுவே உள்ள இடுக்கில் ஒரு பிளாஸ்டிக் தாளைச் செருகிவிட்டுத்தான் பசை விட வேண்டும். தாள் என் சட்டைப் பையிலேயே இருந்தது.

அவள் கைப்பையும் சாவியுமாகக் கதவருகே வந்து நின்றாள்.

"ஏங்க, இன்னும் உள்ளயா நிக்கிறீங்க?"

"பாலம் ஒட்டிக்கிச்சும்மா. வெந்நீர் ஊத்துனா எளகும். ஒரு மணி நேரம் ஆகும்."

"பழகக் கூட்டிட்டுப் போங்கன்னா தலைவலி. இல்லன்னா ஆபீஸ்ல மீட்டிங். இன்னிக்கு உங்களையே ஒட்டிக்கிட்டீங்களா?"

"வேணும்னேவா பண்ணுவேன்?"

"அத நீங்கதான் சொல்லணும்."

வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் அந்தத் தாளை நான் இதுவரை ஒரு தடவைகூட மறந்ததில்லை.

"ஓங்கித் தள்ளுனா வராதா?" என்றாள்.

"தண்டவாளம் பிஞ்சிடும். நாலு மாசம் உக்காந்து போட்டது."

"நான் ஆறு மாசமாக் கத்துக்கிறேன்."

அவ்வளவுதான். மாடிப்படியில் அவள் செருப்புச் சத்தம் கேட்டது. மேலே குடியிருக்கிற டெய்லரக்காவுக்கு லைசென்ஸ் உண்டு. கொஞ்ச நேரத்தில் அந்த அக்காவின் குரல் கீழே இறங்கி வந்தது.

"மாட்டிக்கிட்டாரா? சோறு தண்ணியாவது உள்ள வச்சிருக்காரா?"

மனைவி சிரிக்கவில்லை. இனி நான் போகாவிட்டாலும் டெஸ்ட் நடக்கும். இந்தப் பக்கம் மூன்று எட்டு வைத்தால் பலகை. அந்தப் பக்கம் இரண்டு எட்டு வைத்தால் பலகை. இத்தனை நாள் இந்த இடம் இவ்வளவு சின்னதாகத் தெரிந்ததில்லை.

ஹாக்ஸா பிளேடை எடுத்து இடுக்கில் விட்டு அறுத்தேன். பாதியில் பிளேடு சிக்கிக்கொண்டது. வெளியே கார் கதவு சாத்துகிற சத்தம். தோளைக் கொடுத்து முட்டினேன். தண்டவாளம் கட்டையோடு உரிந்து நிமிர்ந்தது. இன்னொரு முட்டு. பாலம் அந்தப் பக்கம் போய் விழுந்தது.

வெளியே வந்தேன். அவள் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் டெய்லரக்கா. நான் ஜன்னலருகே மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன்.

"இறங்கட்டுமா?" என்று அக்கா அவளைக் கேட்டார்.

"நீங்க இருங்கக்கா." பிறகு என்னிடம், "வர்றதா இருந்தா பின்னாடி ஏறுங்க. ஒரு வார்த்த பேசக் கூடாது."

பின் சீட்டு முழுக்க போகிற வழியில் டெலிவரி கொடுக்க அக்கா ஏற்றியிருந்த துணி மூட்டை. மிச்ச இடத்தில் முட்டியை மடக்கி உட்கார்ந்தேன். வலியில் உயிர் போனது. தெருமுனைத் திருப்பத்தில் வண்டி நின்றுவிட்டது. பின்னால் எவனோ ஹாரனை அழுத்தினான். கிளட்ச்சை மெதுவா விடு என்பது நாக்கு நுனிவரை வந்தது. அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. அவள் மறுபடி ஸ்டார்ட் செய்தாள்.