கொம்பு பிரிந்த கொண்டல்

படகுகளின் இன்ஜின் சத்தம் திரேஸ்புரம் கடற்கரையிலிருந்து மாடி ஆபீசுக்கு ஏறி வந்தபோதுதான் விடிந்தது ஜெனிலாவுக்கு உறைத்தது. அவள் இன்னும் கணினித் திரையில் எழுத்துகளைப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தாள். கடலில் பட்டத்தைப் பிடித்துப் பலகையோடு தாவுகிறவர்களின் போட்டி வீடியோ. ஒருவன் அந்தரத்தில் புரளும்போது, கீழ்க்காற்றின் பெயரில் ‘கொண்டல்’ என்ற தலைப்பு தண்ணீரோடு சிதறி எழுந்து, ஒன்றுகூடி நிற்க வேண்டும். ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி மணிக்கட்டு வீங்கிவிட்டது. பாவி மகள், உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்து, திடுக்கிட்டு விழித்து, வேலை கொடுத்த பார்ட்டிக்கு அனுப்பிவிட்டாள்.

தமிழ் எழுத்தை அப்படியே பறக்கவிட்டால் ‘கொ’ மூன்றாக உடையும். கொம்பு தனி, க தனி, கால் தனி. முதலில் மூன்றையும் சேர்த்துக் கட்ட வேண்டும். கட்டுவது என்றேதான் இந்தத் தொழிலில் சொல்வார்கள். தூக்கத்தில் கட்ட மறந்தாள். கொம்பு பறந்து போனது, திரும்பவில்லை.

“கொண்டல் போயி காண்டல் ஆயிட்டு. பார்ட்டியும் காண்டாயிட்டான்,” என்றான் அடுத்த மேசை பெனிஸ்டன். யாருக்கும் சிரிக்கத் தெம்பில்லை.

முதலாளி தனராஜ் படியேறி வந்தார். “யாரு பாத்த வேலை இது?”

போன மாதம் கூட வேலை பார்த்த அஃப்ஸலை வெளியே அனுப்பியபோதும் இதே குரல்தான். அன்று அவளும் பெனிஸ்டனும் யுஸ்ராவும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவன் வேலை இவர்கள் தலையில் விழுந்தது, சம்பளமோ இறங்கியது. இந்த வேலையும் போனால் சொந்த ஊரான நாசரேத்தில் அவள் வீட்டு அடுப்பு எரியாது.

“நான்தான் அண்ணாச்சி.”

“அப்ப பையை எடு. யுஸ்ரா, நீ உக்காந்து சரி பண்ணு.”

காயல்பட்டினத்து யுஸ்ரா மவுஸிலிருந்து கையை எடுத்தாள். “மாட்டேன் அண்ணாச்சி. நாலு ஆளு வேலையை மூணு பேரு ராப்பகலாப் பாக்கோம். இனி ராத்திரி உக்கார மாட்டோம். இவளும் இருக்கணும், அஃப்ஸலும் வரணும்.”

“ஊர்ல வேற ஆளு கெடைக்காதோ?”

“கெடைக்கும். அவங்களுக்கும் தூக்கம் வரும்,” என்றபடி பெனிஸ்டன் எழுந்தான்.

“எறங்குனா மறுபடி ஏற முடியாது, பாத்துக்கிடுங்க.”

இறங்கினார்கள். ஜெனிலாவுக்குப் பயம்தான், மறைக்க என்ன இருக்கிறது. வாசல் படியில் உட்கார்ந்ததும் கொண்டல் காற்று முகத்தில் அடித்தது. யுஸ்ரா அவளுடைய வீங்கிய கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

ஜெனிலா இடது கையால் போனை எடுத்தாள்.

“ஏலே அஃப்ஸல், அன்னைக்கு ஒன்னையத் தனியா விட்டுட்டோம். கோவப்படாம கெளம்பி வா. கீழ வாசல்ல இருக்கோம்.”

“எதுக்கு?”

“சேத்துக் கட்டணும்.”

மறுமுனையில் பைக்கை உதைக்கும் சத்தம் கேட்டது.