எல்லாக் கட்டத்திலும் ஒன்று

…சாப்பாடு ஒன்று, குளியல் ஒன்று, மருந்து ஒன்று, துணைக்கும் ஒன்று, எல்லாக் கட்டத்திலும் ஒன்றுதான் போட்டிருக்கிறேன், ஒன்று என்றால் தேவை உண்டு, அது நிறைவேறுகிறது, இரண்டு என்றால் நிறைவேறவில்லை, ஓர் இடத்திலாவது இரண்டு இருந்தால்தான் மாதாமாதம் வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம், இல்லாவிட்டால் ஆறு மாதத்துக்கொரு கிளினிக்கோடு சரி, புது ஒழுங்கு. நாலு மணிக்குள் கண்டி ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் ஒப்படைக்க வேண்டும், பஸ்ஸோ பேராதனைப் பாலத்தில் அசையாமல் நிற்கிறது, மடியில் டொரதி அன்ட்டியின் படிவம், அடியில் அவருடைய கையெழுத்து. இருபத்திரண்டு வருட மனநோய், கெலிஓயாவில் தம்பி வீட்டின் பின்னறை… எதைக் கேட்டாலும் குறையில்லை என்றார், தலை வாரி, பவுடர் போட்டு, பூப்போட்ட சேலையில். உண்மையைச் சொல்லுங்கள் என்றேன். குரலைத் தாழ்த்திக்கொண்டார்: "கொறன்னு சொன்னா மேல உள்ளவங்க ஒங்களத்தானே, மகள், ஏசுவாங்க."

எனக்கு வைத்த பரீட்சை என்று நினைத்துவிட்டாரா, என்னைப் பாஸாக்கத்தான் அத்தனை பதிலுமா… அப்போதே பேனாவை மூடியிருக்க வேண்டாமா, ஏன் சிரித்துக்கொண்டே ஒன்று போட்டேன்? கேற்றடியில் அவர் தம்பி அன்ட்ரூ வேறு சொன்னாரே, "இன்ஷிரா மிஸ், இந்த மேக்கப் எல்லாம் ஒங்களுக்குத்தான், மத்த நாள்ல கட்டில விட்டு எழும்பவே மாட்டா," என்று, பகிடி என்று அதற்கும் சிரித்தேன். மாதத்துக்கு ஒரு வியாழக்கிழமை, அந்த ஒரு நாளை மட்டும் பார்த்துவிட்டு முப்பது நாளுக்கும் நான் ஒன்று போட்டிருக்கிறேன், மற்ற நாட்களில் அந்தத் தலையை யார் வாருகிறார்கள், மாத்திரையை எடுத்துக் கொடுப்பது யார், நான் கேட்கவே இல்லை.

பஸ் நகர்கிறது. வெட்டி இரண்டு என்று எழுதலாம், ஆனால் அவர் கையெழுத்து வைத்த பிறகு அவர் சொல்லாததை எழுதுவதா… திரும்பிப் போய்க் கேட்கலாம், என்ன கேட்பது, அன்ட்டி, நீங்கள் நலமில்லை என்று சொன்னால்தான் நான் வரலாம் என்றா? சொன்னால் கேட்பார். அடுத்த மாத வியாழனில் எனக்காகவே தலை வாராமல் படுத்திருப்பார்.