முகம்மது தம்பி தூக்க முடியாத போன்

மருதமுனையில் முகம்மது தம்பியின் போன் ஒரு நெல் மூட்டையின் பாரத்துக்கு வந்த அன்று மேசைக்கால் முறிந்தது. அவன் சம்மாந்துறை அரிசி ஆலையில் மூட்டை சுமக்கிறவன். முதலில் சட்டைப்பைதான் கிழிந்தது. "போனுக்குள்ள கல்லா வெச்சிரிக்காய்?" என்று ஆலையில் சிரித்தார்கள். பிறகு அதைத் தரையிலிருந்து அவனாலேயே எடுக்க முடியவில்லை.

போன் பாரமாகிக்கொண்டு வந்த அதே மாதங்களில் அவனுடைய பெண்குழந்தை இளைத்துக்கொண்டே போனது. கிளினிக் தராசில் முள் பின்னுக்கு வந்தது. மனைவி நுஸ்ஹாவுக்குப் பால் போதவில்லை. அவளுடைய உம்மா பத்தியம் என்று சோறும் மிளகுதண்ணியும் மட்டும் கொடுத்தாள். மீன் இல்லை, கீரை இல்லை, குடிக்கிற தண்ணீருக்கும் கணக்கு. பெண்வீட்டில் வந்து இருக்கிற மாப்பிள்ளை குசினி விசயத்தில் வாய் திறப்பதில்லை. அவனும் திறக்கவில்லை.

குழந்தையைப் பார்க்க வந்த மருத்துவமாது தக்சாயினி, தரையில் பதிந்து கிடந்த போனைப் பார்த்தாள்.

"தம்பி, கிளினிக்கில குடுத்தது உங்கட நம்பர்தானே? நான் அனுப்பின மெசேஜெல்லாம் எங்க?"

"பொம்புளைகள்ற விசயம் மிஸ். ஆலைக்குள்ள துறந்தா பகிடி பண்ணுவானுகள்."

"புள்ளைட நிறை அதுக்குள்ளதான் கிடக்கு. சத்தமா வாசியுங்க, குசினிக்குக் கேக்கட்டும்."

அவன் தரையில் குப்புறப் படுத்து வாசித்தான். பாலூட்டும் தாய்க்கு மீன், முட்டை, கீரை, பருப்பு கொடுங்கள்; தாகத்துக்குத் தண்ணீர் கொடுங்கள். போனில் ஒரு தேங்காயின் பாரம் உடனே குறைந்தது.

"புள்ளப்பெத்தவளப் பாக்க எனக்கு மாப்புள படிப்பிக்கிறாரா?" என்றாள் மாமி உள்ளேயிருந்து.

தக்சாயினி அடுப்படியில் போய் உட்கார்ந்தாள். சண்டை பிடிக்கவில்லை. "நீங்க பத்தியம் இருந்த நேரம் பசிக்கல்லையா உம்மா?" என்று மட்டும் கேட்டாள். மாமி கொள்ளியை அடுப்புக்குள் தள்ளினாள்.

"பசிச்சிச்சி. ஒருத்தரும் கேக்கல்ல."

அன்று பகல் சூடைமீன் ஆணமும் முருங்கைக்கீரையும் ஆக்கினாள். நுஸ்ஹா கோப்பையை வழித்துச் சாப்பிட்டாள். ஆலை விட்டு வந்ததும் அவன் தினமும் வாசித்தான், தக்சாயினியும் வந்துபோனாள். போனில் இறங்கியது குழந்தையில் ஏறியது. தொடையில் மடிப்பு விழுந்தது.

இப்போது அந்தப் போன் கடற்காற்றுக்குப் பறக்கிறது. மாமி அதை அம்மிக்குழவியின் கீழே வைக்கிறாள். மெசேஜ் சத்தம் கேட்டால், "மாப்புள, வாசிங்க!" என்று கத்துகிறாள். அவன் முதலில் குழந்தையை மடியிலிருந்து இறக்க வேண்டும். அதற்கு மூட்டைக்குப் பிடிக்கிற மாதிரியே மூச்சுப் பிடிக்கிறான்.