காட்டாத காட்சி

கார்த்திகை மாதம் அந்த மலைநாட்டின் மேல் மெல்ல இறங்கி, இறங்கிய இடத்திலேயே தங்கிவிட்டது. நமுனுகுல மலையின் உச்சி கண்ணிலிருந்து மறைந்து பதினோரு நாட்களாகியிருந்தன. தேயிலைக் கொழுந்துச் சரிவுகளின் மேல் கருமுகில்கள் எழுந்து போக மனமின்றிக் குந்தியிருந்தன. ஓடைகள் தம் பழைய வழியை மறந்து தோட்டத்துப் படிகளில் ஓடின. பதுளை நகரத்துக் கூரைகளில் நீர் வழியும் ஓசை, ஓதி முடித்தபின்னும் செவியில் நின்றொலிக்கும் பதிகத்தைப் போல் ஓய்வில்லாமல் இருந்தது. உலகைப் படைத்தவன் தன் திருமுகத்தைத் தானே மூடிக்கொள்ளும் பருவம் இதுவென்று பரிமளம் நினைப்பதுண்டு. அந்தப் பதினோரு நாட்களில் ஒரே ஒரு பிற்பகல் பதுளையில் வெயில் எறித்தது. அந்தப் பிற்பகலில்தான் அவள் கணவர் ராமநாதன் ஆஸ்பத்திரியில் இறந்தார்.

"கையப் புடிச்சிக்கிட்டேதான் இருந்தேன். இடது கைய. 'தண்ணி'ன்னாங்க. ரெண்டு வாய் குடுத்தேன். அம்மா பேரச் சொன்னாங்க. அப்படியே கண்ண மூடிட்டாங்க."

வாசலில் அவள் மகன் திலீபன் சொல்லிக்கொண்டிருந்தான். கூடத்தில் ராமநாதன் வெள்ளை வேட்டியில் கிடத்தப்பட்டிருந்தார். தலைமாட்டு விளக்குக்கு எண்ணெய் வார்த்துக்கொண்டிருந்த பரிமளத்தின் கை நின்றது. இடது கையில் சேலைன் ஊசி குத்திப் பிளாஸ்டர் ஒட்டியிருந்ததை அவள் அறிவாள். முன்தினம் ஒரு மணிக்கு ஆஸ்பத்திரி வாட்டை விட்டு வரும்போது, அந்தக் கையைத் தொட்டுவிடக் கூடாதென்று போர்வையைக்கூட ஒதுக்கி வைத்துவிட்டு வந்தவள் அவள்.

இழவு வீட்டுக்கு வருகிறவர் எவரும் 'எப்படி நடந்திச்சி?' என்று கேட்காமல் உட்காருவதில்லை. கேட்டால் மூத்த மகன் சொல்லியாக வேண்டும். காலை ஏழு மணியிலிருந்து திலீபன் ஒன்பது முறை சொல்லிவிட்டான். ஒன்பதையும் பரிமளம் கேட்டுவிட்டாள். நான்காம் முறை அது வலது கையாக இருந்தது. ஆறாம் முறை தண்ணீர் தேத்தண்ணியாக மாறியது. எட்டாம் முறை, சன்னலுக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

குற்றம் கண்டுபிடிக்கும் இந்தக் கண் அவளுக்குப் படம் பார்த்தே வாய்த்தது. ராமநாதன் கடைவீதியில் மின்சாமான் கடை வைத்திருந்தார். ஞாயிறு மதியத்தோடு கடையைச் சாத்திவிட்டு, அடுத்த கடைக் குடை வியாபாரி ஷுக்ரியையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். உளவாளிப் படமென்றால் அவருக்கு உயிர். விமானத்திலிருந்து குதிப்பதும், பாலம் வெடிப்பதும், கதாநாயகன் கோட்டுத் தூசியைத் தட்டிவிட்டு நடப்பதும் வேண்டும். பரிமளமோ ஆளை விட்டுவிட்டு அவன் கோட்டுப் பொத்தானைப் பார்ப்பாள். சண்டை படம் முடிந்தபின்தான் தொடங்கும். தீர்ப்புச் சொல்வது ஷுக்ரி.

"ஏங்க, குண்டு பட்டது இடது தோள்ல. கட்டு வலது தோள்ல போட்டிருக்கான். பாத்தீங்களா?"

"அவன் உலகத்தக் காப்பாத்துறான். ஒனக்கு அவன் கட்டுதான் பெருசு."

"தன் தோள் எதுன்னே தெரியாதவன் உலகத்த எங்க காப்பாத்துறது?"

"ஆ, அண்ணன், இதுக்கு ஜவாப் சொல்லுங்க பாப்பம்!" என்று ஷுக்ரி தொடையில் தட்டுவார்.

"அது கண்ணாடியில தெரியுற தோளு ஷுக்ரி. கண்ணாடியில மாறித்தானே தெரியும்?"

"கண்ணாடி எங்கங்க இருக்கு?"

"காட்டல. காட்டாததெல்லாம் இல்லேன்னு ஆயிருமா பரிமளம்?"

"சும்மா இருங்க. ஆத்துல குதிச்சவன் டை காயாம கெடக்கணும். அது பட்டு மாதிரிப் பறக்குது."

"அக்காவுக்கு ரெண்டு பாயிண்டு," என்பார் ஷுக்ரி.

முப்பத்திரண்டு ஆண்டுகளில் அவள் ஒரு படத்தையும் அவருக்கு விட்டுக்கொடுத்ததில்லை. அவரும் ஒரு படத்தையும் கைவிட்டதில்லை.

இப்போது அவருடைய வாய் துணியால் கட்டப்பட்டிருந்தது. ஆனாலும் மகன் வாய்திறக்கும் ஒவ்வொரு முறையும் அவளுக்கு வலப்புறத்தில், வழக்கமாக அவர் உட்காரும் இடத்தில், தொண்டையைச் செருமும் ஓசை கேட்டது. விளக்கு அசையவில்லை. அவள் திரும்பிப் பார்க்கவுமில்லை.

நேற்று அவள் வெயிலைக் கண்ட மகிழ்ச்சியில், பத்து நாள் ஈரத் துணியைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். ஆண்கள் வாட்டில் பெண்கள் தங்க இயலாது. பார்வை நேரம் முடிந்ததும் தாதி அனுப்பிவிட்டாள். பண்டாரவளையில் வேலை செய்யும் திலீபன் பன்னிரண்டரை பஸ்ஸில் புறப்பட்டு வந்து துணைக்கு இருப்பதாக ஏற்பாடு. இரண்டு இருபதுக்குப் போன் அடித்தது.

"அம்மா... அப்பா போயிட்டாங்கம்மா."

அவள் அழவில்லை. அவள் வாயிலிருந்து வந்தது ஒரு கேள்வி.

"நீ பக்கத்துல இருந்தியாப்பா?"

 "இருந்தேம்மா. கையப் புடிச்சிக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றான். அந்தச் சொற்களின் பின்னால், தூரத்தில் என்றாலும் தெளிவாக, ஒரு பஸ் நடத்துநரின் குரல் நீட்டி முழங்கியது: "ஹாலிஎல... ஹாலிஎல..."

ஹாலிஎல பதுளைக்கு முந்திய ஊர். அந்தக் குரலைக் கேட்ட காதோடுதான் அவள் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து அவன் எண்ணுக்கு அழைத்திருக்கிறார்கள். அவன் பஸ்ஸில் இருந்திருக்கிறான். வழியில் தெமோதரைப் பக்கம் மழை கொட்டியிருக்கும். அவன் கதைக்குள் பெய்த மழை அவன் பஸ் சன்னலில் பெய்தது. வாட்டில் வெயில். கட்டிலில் அவர் தனியாக. திலீபன் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அவள் கண்முன் வேறொரு காட்சி ஓடியது. ஊசி குத்தாத அந்த வலது கை போர்வையின் விளிம்பில் எதையோ தேடியது. தேடி, தேடி, எட்டாமல், கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பற்றியது. பிறகு வெயில் மட்டும் இருந்தது. அந்தக் காட்சியை நிறுத்த அவளால் முடியவில்லை.

பதினொரு மணியளவில் ராமநாதனின் கடைசித் தங்கை பிரஷாந்தினி வெலிமடையிலிருந்து வந்து சேர்ந்தாள். அண்ணன் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுது ஓய்ந்து மருமகன் திலீபனிடம் கேட்டாள். அவன் சொன்னான். வலது கை என்று சொன்னான். அவள் கேட்டுக்கொண்டாள். சிறிது நேரத்தில் தெமோதரைத் தோட்டத்திலிருந்து உறவினர் சிலர் வந்தார்கள். கேட்டார்கள். திலீபன் மறுபடியும் சொன்னான். அவன் குரல் தேய்ந்துபோயிருந்தது.

"இடது கையப் புடிச்சிக்கிட்டுத்தான் இருந்தேன். வெளிய நல்ல மழை..."

"இரு திலீபா." பிரஷாந்தினி எழுந்து நின்றாள். "என்கிட்ட வலது கைன்னே. இப்ப இடது கைங்கிற. நேத்து பதுளையில மழையே இல்லேன்னு தெருவுல அத்தன பேரும் சொல்றாங்க. இதென்னடா கத? நீ எங்கண்ணன் பக்கத்துல இருந்தியா, இல்லையா?"

பிளேன்டீக் கோப்பைகள் வாய்க்குப் போகும் வழியில் நின்றன. திலீபன் அத்தையைப் பார்க்கவில்லை. தகப்பனைப் பார்த்தான். இருபத்தொன்பது வயது முகம் அந்தக் கணத்தில் பிள்ளை முகமாகிவிட்டது. இன்னும் ஒரு கேள்வி போதும், எல்லாம் கொட்டிவிடும். பெற்றவன் தனியே போய்ச் சேர்ந்தான், மகன் பொய் சொன்னான் என்ற பேச்சு, பாடை எழுமுன்னே இந்தத் தெருவைத் தாண்டிவிடும். ஆயுள் முழுவதும் அது அவனோடு நடக்கும்.

அந்தக் கதையின் ஓட்டைகள் அனைத்தையும் பரிமளம் அறிவாள். பிரஷாந்தினி அறியாத ஒன்றையும் அறிவாள். நடத்துநரின் குரலைச் சொன்னால் வழக்கு முடிந்தது. உண்மை அவளுக்கும் வேண்டியிருந்தது. கூட்டத்தின் நடுவே அவனை உலுக்கிக் கேட்கவேண்டும் என்று நெஞ்சு எரிந்தது.

அவள் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"மொதல்ல இடது கையத்தான் புடிச்சிருக்கான். அதுல சேலைன் ஊசி இருந்திச்சி. தாதி கண்டு சத்தம் போட்டிச்சாம். அப்புறம் அந்தப் பக்கம் போயி வலது கையப் புடிச்சிக்கிட்டான்."

"ஒங்களுக்கு எப்படி அண்ணி தெரியும்? நீங்க வீட்டுலதானே இருந்தீங்க?"

"போன்ல கேட்டேன்."

"மழ?"

"பத்து நாள் பேஞ்ச மழ. கூரைப் பீலியில தேங்கினது சன்னலோரமா வடிஞ்சிருக்கும். உள்ள இருக்கறவனுக்கு மழ மாதிரித்தான் இருக்கும்."

"பீலி எந்தப் பக்கம் அண்ணி இருக்கு? நானும் அந்த வாட்டுக்குப் போயிருக்கேன், நான் பாக்கலியே."

"நீ பாக்கலேன்னா இல்லேன்னு ஆயிருமா பிரஷா?"

சொல்லி முடித்தபின்தான் அவளுக்கே அது கேட்டது. அது அவள் பேச்சன்று. வாசலருகே கதிரையில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்த ஷுக்ரி தலையை நிமிர்த்தினார். முப்பது ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தச் சொல்லை யார் வாயிலிருந்து கேட்டாரோ, அந்த முகத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு பரிமளத்தைப் பார்த்தார்.

"அக்கா சொல்றது சரி," என்றார்.  "புள்ள ராப்பகலா முழிச்சிக்கிட்டு இருக்கு. அதுக்கு எது மொத, எது பொறகுன்னு எப்படி வெளங்கும்? உடுங்க."

பிரஷாந்தினி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அண்ணன் காலடியில் மறுபடி உட்கார்ந்தாள். அதன்பிறகு வந்தவர்கள் கேட்டபோது திலீபன் சொல்லவில்லை. பரிமளமே சொன்னாள். முதலில் இடது கை, பிறகு வலது கை, தண்ணீர் இரண்டு வாய். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி சொன்னாள். ஒரு சொல்லும் பிசகவில்லை. சொல்லச் சொல்லப் போர்வை விளிம்பில் தேடிக்கொண்டிருந்த கை அவள் கண்ணை விட்டு அகலவுமில்லை.

மூன்று மணிக்குப் பாடை எழுந்தது. பெண்கள் தெருமுனைவரை போய்த் திரும்பினார்கள். வீடு கழுவப்பட்டது. ஆற்றங்கரை மயானத்திலிருந்து ஆண்கள் திரும்பியபோது மழை பிடித்துக்கொண்டது. பின்புறக் குழாயடியில் முழுகிவிட்டு, மழித்த தலையோடும் ஈர வேட்டியோடும் திலீபன் உள்ளே வந்தான். உறவினர் முன்விறாந்தையில் பேசிக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் யாருமில்லை. தகப்பன் கிடந்த இடத்தில் ஒரு செம்பு நீரும் விளக்கும் வைத்துப் பரிமளம் உட்கார்ந்திருந்தாள். அவன் எதிரே வந்து தரையில் அமர்ந்தான்.



"அம்மா." அவன் தரையைப் பார்த்தே சொன்னான். "பன்னெண்டரை பஸ்ஸு வந்துச்சிம்மா. ஒரே கூட்டம். நின்னுக்கிட்டுத்தான் வரணும். அடுத்ததுல உக்காந்துகிட்டு வரலாம்னு... விட்டுட்டேம்மா."

அவள் திரியைத் தூண்டினாள். சுடர் சற்று உயர்ந்து நின்றது.

"தண்ணி கேட்டிருப்பாங்களாம்மா?"

 அந்தக் காட்சியை யாரும் காட்டப் போவதில்லை. அவள் கையைத் துடைத்துக்கொண்டு கண்களை மூடினாள். ஐந்தெழுத்தை உதடு அசையாமல், அவசரமின்றி, எண்ணிக்கை வைக்காமல் ஓதினாள். வெளியே யாரோ குடை விரித்துப் புறப்பட்டார்கள். ஓதி முடித்துத் தட்டிலிருந்து திருநீற்றை மூன்று விரலால் எடுத்து, மகனின் மழித்த தலையை இடக்கையால் தாங்கிக்கொண்டு, ஈரம் காயாத நெற்றியில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெதுவாகப் பூசினாள்.

"நீண்ட ஆயுசோட இருப்பா," என்றாள். "ஒனக்குப் புள்ளைங்க பொறந்து, அதுங்க எப்பவும் ஒம் பக்கத்துலயே இருக்கணும்."