நிலுவையில் உள்ள தீ

வடகால்பேட்டை மேலத்தெருவில் ஆசியா உம்மாளின் வீட்டில் பற்றிய தீ, தீயணைப்பு வண்டிக்காக நான்காவது வருடமாகக் காத்திருக்கிறது. நடு அறைக்கும் உள்ளறைக்கும் இடையிலுள்ள நிலைப்படியில், ஆள் உயரத்துக்கு, போன பங்குனிவரை அசையாமல் நின்றது. உள்ளறையில் அவள் மகள் தஸ்லிமா இருக்கிறாள். குளித்துவிட்டுத் தலை துவட்டப் போன பெண். அவள் கூந்தல் இன்னும் முழுதாகக் காயவில்லை. பசிக்கவில்லை என்கிறாள், தூக்கம் வரவில்லை என்கிறாள், வயதும் பத்தொன்பதிலேயே நிற்கிறது. அந்த அறைக்கு வேறு வாசலோ ஜன்னலோ கிடையாது. தீயின் வழியாகப் பார்த்தால் அவள் கட்டிலில் உட்கார்ந்திருப்பது தெரியும்.

குளிர்சாதனப் பெட்டியின் வயரில் பொறி கிளம்பியதுதான் ஆரம்பம். ஆசியா உம்மாள் கைபேசியை எடுத்து அவசர எண்ணை அழைத்தாள். ஒரு காலத்தில் இந்த மாதிரி அழைப்பெல்லாம் பக்கத்து நிலையத்துக்கே போகும். பிறகு சிக்கனம் என்று எல்லாவற்றையும் சென்னையில் ஒரே அறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள், அந்த அறையிலும் பாதி நாற்காலிகளில் ஆள் இல்லை. "வீட்டுல தீப்புடிச்சிட்டு" என்றாள் ஆசியா உம்மாள். எங்கள் நெல்லைப் பக்கத்தில் அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. பஸ் வந்துட்டு என்றால் பஸ் வந்தாகிவிட்டது, சோறு வெந்துட்டு என்றால் இலை போடலாம். வடக்கே போகப் போக அந்தச் சொல்லுக்கு வால் முளைத்துவிடுகிறது. வந்துட்டுப் போனார், தின்னுட்டுத் தூங்கினார் என்று பின்னால் ஏதாவது வந்தால்தான் அவர்களுக்குத் திருப்தி. அழைப்பை எடுத்த சித்ரலேகா வேலூர்ப் பக்கத்துப் பெண். காலையிலிருந்து தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. "புடிச்சிட்டு? சொல்லுங்கம்மா, புடிச்சிட்டு என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டு, மீதி வாக்கியத்துக்காகக் காத்திருந்தாள். அந்த இடத்தில் தீயும் நின்றது. அதுவும் மீதியைக் கேட்கக் காத்திருந்ததாகத்தான் தெரிகிறது. ஆசியா உம்மாள் அதைக் கண்ணால் பார்த்தாள். வாய்வரை வந்த அடுத்த சொல்லை விழுங்கிக்கொண்டாள். பெற்றவள் வேறு என்ன செய்வாள்?

உள்ளூர் நிலையத்தில் அப்போது மிஞ்சியிருந்தவர் பெருமாள்ராஜ் ஒருவர்தான். மற்ற இடங்கள் காலி, டிரைவரை வேறு ஊருக்கு மாற்றி அவர் இடத்தில் ஆள் போடவில்லை, வண்டியைப் பதினைந்து வருடம் ஆகிவிட்டதென்று கழித்துக் கட்டியிருந்தார்கள். அவர் தோளில் ஹோஸைச் சுருட்டிப் போட்டுக்கொண்டு தன் சொந்த டிவிஎஸ்ஸில் வந்து சேர்ந்தார். தெருக்குழாயில் மாட்டி அடித்தபோது தீ ஒரு சாண் உள்ளே நகர்ந்தது. பின்சுவரில் கடப்பாரை போட்டபோது இன்னொரு சாண். அதோடு எல்லாரும் கையை எடுத்துவிட்டார்கள். பெருமாள்ராஜ் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "தங்கச்சி, இது வண்டிக்குன்னு நிக்கி. தொட்டி நெறைய தண்ணியோட வண்டி ஒண்ணு வாசல்ல வந்து நின்னா, அது காலெடுத்து வைக்கதுக்குள்ள அமத்திருவேன்."

பக்கத்து ஊரில் வண்டி இருந்தது. ஆனால் சென்னையிலிருந்து அழைப்பு எண் வராமல் அது சக்கரத்தை உருட்டாது. அழைப்பு எண் வரவேண்டுமென்றால், என்ன நடந்தது என்ற கேள்விக்குப் பதில் முடிந்திருக்க வேண்டும். பதில் முடிந்தால் தீ காத்திருக்காது. வண்டி வந்து சேர அரைமணி நேரம் ஆகும், உள்ளறையோ பத்தடி. வேறு கைபேசிகளிலிருந்து அழைத்தவர்களிடம், இந்த முகவரிக்கு ஏற்கெனவே ஓர் அழைப்பு திறந்திருக்கிறது என்று இயந்திரக் குரல் சொல்லித் துண்டித்தது. இதை இத்தனை தெளிவாக யார் யோசித்து வைத்தார்கள் என்று ஊரில் இன்றுவரை வியக்கிறார்கள்.

வழக்குப் போட்டார்கள். வக்கீல் சிவகணேஷ் கட்டணம் வாங்காமல்தான் நடத்தினார். நீதிபதி இடம் காலியாக இருந்தது. பொறுப்பு நீதிபதி வாரம் ஒருமுறை வந்து வாய்தா போட்டுவிட்டுப் போனார். கடைசியில் தீயைப் பார்வையிட ஓர் ஆணையர் வந்தார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார், தீ நிலுவையில் உள்ளது என்று அறிக்கை கொடுத்தார். இந்த அறிக்கைக்கு ஆட்சேபம் தெரிவிக்க அரசுத் தரப்புக்கு வக்கீல் நியமிக்கப்படவில்லை என்பதால் அதற்கும் வாய்தா. சவூதியிலிருந்து தஸ்லிமாவின் வாப்பா அகமது மீரான் விடுப்பில் வந்தார். தீக்கு எதிரில் பாயைப் போட்டு உட்கார்ந்து மகளோடு பேசிக்கொண்டேயிருந்தார். விடுப்பு முடிந்த அன்று தீக்குள் கையை நீட்டப் போனவரை நாலு பேர் பிடித்து இழுத்து விமானத்துக்கு அனுப்பினார்கள். அந்த மார்கழியில் தாமிரபரணி ஊருக்குள் புகுந்து இடுப்பளவு நின்றபோது, தீ தண்ணீருக்கு மேல் நின்றது. வெள்ளம் பார்க்க வந்த அதிகாரிகள் படகிலிருந்தே அதைப் பார்த்தார்கள், அது வேறு துறை என்றார்கள்.

இத்தனை நாளும் அந்த அழைப்பு துண்டிக்கப்படவில்லை. முடியாத அழைப்பைத் துண்டிக்கக்கூடாது என்பது விதி, மாற்றிவிட ஆளும் கிடையாது. சித்ரலேகாவுக்கு இடது காதில் ஆசியா உம்மாள், வலது காதில் மாநிலம் முழுவதும். பணி முடிந்து போகும்போது இணைப்பும் அவள் கைபேசிக்குக் கூடவே போனது. மணமேடையில் பூவுக்குள் ஹெட்போன் வயரை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் பிரசவ வலியில் துடித்தபோது ஆசியா உம்மாள்தான் துஆ ஓதினாள். இருவரும் பேசாத பேச்சில்லை. ஆனால் தினமும் காலையில் சித்ரலேகா முறைப்படி, "புடிச்சிட்டு? சொல்லுங்கம்மா" என்பாள். அவள் ஏன் அப்படிக் கேட்கிறாள் என்று ஆசியா உம்மாளுக்கு விளங்கவில்லை. இவள் ஏன் அதோடு நிறுத்திக்கொள்கிறாள் என்று அவளுக்கும் விளங்கவில்லை.

போன பங்குனியில் ஒரு மதியம் ஆசியா உம்மாள், "பாங்கு சொல்லிட்டு" என்று எழுந்து தொழப் போனாள். திரும்பி வந்தபோது சித்ரலேகாவின் குரல் ஒரு மாதிரி இருந்தது.

"அம்மா, சொல்லிட்டுன்னா சொல்லியாச்சுன்னா அர்த்தம்?"

"ஆமா. பின்னே?"

"மழை விட்டுட்டுன்னா?"

"விட்டாச்சு. என்னம்மா இப்படிக் கேக்க?"

"அப்போ அன்னிக்கே நீங்க… ஐயோ! வீடு தீப்பிடிச்சிடுச்சா!"

தீ நிலைப்படியைத் தாண்டியது. கட்டில் விரிப்பின் ஓரம் கருகியது. உள்ளேயிருந்து தஸ்லிமா உம்மா என்று அலறிய அலறல் ஆற்றங்கரைவரை கேட்டது. ஆசியா உம்மாள் கைபேசிக்குள் கத்தினாள்: "ஏளா, ஒனக்கு ஒண்ணும் புரியல! கேட்டியா? ஒண்ணும் புரியல!"

எதிர்முனையில் கொஞ்ச நேரம் அழுகைச் சத்தம் மட்டும் வந்தது. பிறகு சித்ரலேகா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "புடிச்சிட்டு? சொல்லுங்கம்மா. எனக்குப் புரியல" என்றாள். தீ கட்டிலின் காலடியில் நின்றது. தஸ்லிமாவின் கூந்தல் ஒரு பக்கம் மட்டும் காய்ந்திருந்தது.

அன்றிலிருந்து சித்ரலேகா புரியாமல் இருப்பதையே வேலையாக வைத்திருக்கிறாள். வண்டியை முதலில் அனுப்புங்கள், வாக்கியத்தைப் பிறகு முடிக்கிறேன் என்று மேலே ஒவ்வொருவரிடமும் கெஞ்சிப் பார்த்தாள். எண் இல்லாமல் வண்டி இல்லை என்றார்கள். இந்த அழைப்பு ஏன் முடியவில்லை என்று விளக்கம் கேட்டார்கள், வட்டார வழக்கு புரியவில்லை என்று எழுதிக் கொடுத்தாள். ஊதிய உயர்வை நிறுத்திவிட்டு நெல்லைத் தமிழ்ப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். தேர்வில் எல்லாக் கேள்விக்கும் தவறான விடை எழுதித் தோற்றாள். பெருமாள்ராஜ் ஓய்வு பெற்றார், அவர் இடத்தை நிரப்பாமல் நிலையத்தைப் பூட்டினார்கள். சம்பளமில்லாமல் இன்னும் காலையில் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, ஹோஸை மடியில் வைத்து அந்தத் தீக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறார். வண்டி வந்தால் ஆள் வேண்டுமே என்கிறார்.

தெருவில் இப்போது யாரும் அதை எட்டிப் பார்ப்பதில்லை. பால்காரர் பாலை ஊற்றிவிட்டு, அனல் அடிக்கிறது என்று சொல்லிக்கொண்டு போகிறார். விடிந்ததும் உள்ளறையிலிருந்து தஸ்லிமா கேட்பாள்:

"உம்மா, வண்டி கெளம்பிட்டா?"

"கெளம்பிட்டு, மக்கா" என்பாள் ஆசியா உம்மாள்.

மகள் அதை நம்பிக் காயாத பக்கத்துக் கூந்தலைத் துவட்டத் தொடங்குவாள். சென்னையில் சித்ரலேகா, "கெளம்பிட்டு?" என்று கேட்டுவிட்டு, மீதிக்காகக் காத்திருப்பாள்.