பெருவிரலில் கறுத்த டேப்

தலவிலக் கோயில் அன்னம்மாள் சாட்சியாக, இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. சந்தேகப்படுகிறவர்கள் எங்கள் எத்தாளை ஊருக்கு வந்து கோழிகளை விசாரிக்கலாம்.

மக்டலின், செத்துக் கிடந்த புருஷனின் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துப் பிடித்து, வயருக்குச் சுற்றுகிற கறுத்த டேப்பால் சுற்றிக்கொண்டிருந்தாள். வழமையாக இதற்கு வெள்ளை நாடாதான். ஆனால் இன்னாசிப்பிள்ளை கதிரையில் இருந்து ரேடியோவுக்கு டேப் சுற்றிக்கொண்டிருக்கும்போதே தலை சாய்ந்தவர். சுருள் அவர் கையிலேயே இருந்தது.

அந்த மனிதன் டேப்பை நம்பிய அளவுக்குக் கோயில் சுவாமிமாரை நம்பியதில்லை. அவருடைய போட்டில் பைபரைவிட டேப்தான் அதிகம். சண்டை முடிந்து நேவி ராவில் கடலுக்குப் போக விட்ட வருஷம், சுறா ஒன்று ஒட்டுப்போட்ட இடத்தைக் கடிக்கப் போய், மூக்கு ஒட்டிக்கொண்டு, கரைவரைக்கும் கூடவே வந்தது. வெடித்த முட்டையை ஒட்டி அடைவைத்தார். குஞ்சு பொரித்தது, வெளியே வரத்தான் கொஞ்சம் பிந்திவிட்டது.

செத்த பிறகும் அவருடைய கைவேலை ஓயவில்லை. பெட்டிக்கு அளவெடுத்த டேப், அறுந்து அவர் ஒட்டியது. ஒட்டும்போது காணாமற்போன துண்டின் புண்ணியத்தில் பெட்டி ஒரு சாண் நீளமாக வந்தது. இயேசுவின் பாடுகளைச் சொல்லி அழுகிற பசாம் பாட்டுக் கசெற்றும் அப்படி அவர் ஒட்டியதுதான். அதில் இயேசு சிலுவையில் ஏறாமலே கல்லறைக்குப் போனார். பெண்கள் அந்த இடத்திலும் குறைவில்லாமல் அழுதார்கள்.

இத்தாலியில் இருக்கிற மகள் டெனிஷாவால் வர முடியவில்லை. அவள் பார்ப்பதற்காகப் போனைக் கதிரையின் கையில் செலோடேப்பால் ஒட்டி வைத்திருந்தார்கள். அடக்கம் முடிந்ததும் எல்லோரும் தங்கள் தங்கள் வீட்டுக்குப் போவார்கள். டெனிஷாவும் போனை வைத்துவிட்டு வேலைக்குப் போவாள். மக்டலின் அதை யோசித்தபடி இன்னொரு சுற்றுச் சுற்றினாள்.

அவளுடைய அண்ணன் பேதுரு வந்து காலைப் பார்த்தார்.

"வீட்டில நாடா இல்லையா?"

"இருக்கு."

"பெட்டி மூடக்குள்ள கட்டை அவிழ்க்கோணும், தெரியுந்தானே தங்கச்சி? அவிழ்க்காட்டி மனுஷன் போகாது. இங்கினயேதான் நிக்கும்."

"தெரியும் அண்ணன்."

பின்னேரம் சுவாமி வாசலில் வந்து நின்றார். பேதுரு டேப்பின் நுனியைத் தேடினார். நுனி இல்லை. நகத்தால் சுரண்டிப் பார்த்தார், இறுகியிருந்தது. கத்தி கேட்டார். நாள் முழுக்க மீன் வெட்டுகிற வீட்டில் ஒரு கத்தி அகப்படவில்லை. கத்திரிக்கோலும் இல்லை. குசினி, அலுமாரி, கோழிக்கூடு எல்லாம் தேடினார்கள். மக்டலின் மட்டும் தான் இருந்த பாயைவிட்டு எழும்பவில்லை. பாயின் ஒரு பக்கம் கொஞ்சம் மேடாக இருந்தது.

பேதுரு பாயைப் பார்த்தார். குனிந்து தங்கச்சியின் கையைப் பிடிக்கப் போனார்.

கதிரையிலிருந்து டெனிஷாவின் குரல் வந்தது. "மாமா, அம்மாவை எழுப்பாதீங்க."

பாட்டுக்கூட நின்றுபோயிருந்தது. பேதுரு கையை எடுத்தார். பிறகு வெள்ளைத் துணியை இழுத்து அந்தக் கால்களை மூடினார்.

"பிறகு என்னட்ட வந்து கதைக்காத," என்று மட்டும் மெதுவாகச் சொல்லிவிட்டு, பெட்டியை மூடச் சொன்னார்.

மறுநாள் விடிந்து மக்டலின் கதவைத் திறந்தபோது, முற்றத்து மணலில் அடிகள் கிடந்தன. ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக அல்ல. இரண்டு பாதமும் ஒட்டியபடி, தத்தித் தத்தி, அவரைப் புதைத்த சேமக்காலைப் பக்கமிருந்து படிவரைக்கும் வந்திருந்தன. ஓர் இடத்தில் ஆள் விழுந்து எழும்பிய பள்ளமும் இருந்தது. திரும்பிப் போன அடி ஒன்றும் இல்லை. அவள் முற்றம் கூட்ட ஈர்க்குமாறை எடுத்தாள். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, மூலையில் கொண்டுபோய்ச் சாத்தினாள்.

அன்னம்மாள் என்னை மன்னிக்கட்டும், உண்மையில் இன்னாசிப்பிள்ளை கடலுக்குப் போய்க் காணாமற்போனவர். அவருடைய உடல் இன்றுவரை கரைக்கு வரவில்லை.