காப்பு அறுக்காத கை

கண்ணுங்களா, எல்லாரும் நல்லா இருக்கீங்களா? இந்த மழைக்கு இருமல் கிருமல் ஒண்ணும் இல்லீங்களே? மலைமேல குண்டனி நாட்டுத் தேன்மொழி ஊட்டுல நடந்ததைக் கேளுங்க.

தேன்மொழியின் புருஷன் அப்பாசாமி மிளகு பறிக்க ஒற்றை மூங்கில் ஏணியில் அணில் மாதிரி ஏறுவான். இந்தத் தையில் மூன்றாவது கணுவிலேயே மூச்சு முட்டி, ஏணியைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டான். நெஞ்சு எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், "பீடியை விடலைன்னா அடுத்த மிளகுக்கு நீ இருக்க மாட்டே" என்றார்.

பத்தொன்பது வயதில், சினிமாவில் கதாநாயகன் பற்றவைத்த அழகைப் பார்த்துப் பிடித்த பழக்கம். இப்போது டிவியில் தொண்டையில் ஓட்டை போட்ட ஆள் பேசும் விளம்பரம் வந்தால், சட்டென்று சேனலை மாற்றிவிடுவான். தேன்மொழி ரிமோட்டை மிளகு மூட்டைக்குள் புதைத்தாள். ஒரு வாரம் எழுந்து எழுந்து போனவன், எட்டாம் நாள் வாசற்படியில் நின்று முழுசாகப் பார்த்தான்.

"பீடியை உடறதுக்குன்னு கடைசியா ஒரு நம்பரு காட்டுறாங்களே, அந்த நம்பருக்குத்தான் போடேன் புள்ள."

போன் சிக்னல் பாறை மேல்தான் கிடைக்கும். தேன்மொழியோடு, பத்தடிக்கு ஒரு தரம் உட்கார்ந்து ஏறினான். மணி அடிக்கும்போதே மடியிலிருந்து பீடியை எடுத்தான்.

"ஏனுங்க, இங்கயுமா?"

"நானா எடுத்தேன்? கை அதும்பாட்டுக்குப் போவுது."

போனில் ஒரு பெண் பேசினாள். "முன்னாடி எப்பவாவது நிறுத்தியிருக்கீங்களா ஐயா?"

"இல்லீங்க" என்று இருமினான்.

தேன்மொழி போனைப் பிடுங்கினாள். "பொய்யிங்கம்மா! மாரியம்மன் நோம்பிக்குக் காப்பு கட்டுனா எட்டு நாளு தொடமாட்டாருங்க. அறுத்த நிமிசம் பத்த வெப்பாருங்க."

"எட்டு நாள் முடியுதே! ஒன்பதாம் நாளுக்கு ஒரு வழி பாருங்கம்மா" என்றாள் போனில் அந்தப் பெண்.

பங்குனியில் காப்பு கட்டினார்கள். எட்டாம் நாள் ஊரே அறுத்தது. பூசாரி அப்பாசாமியின் வலது கையைப் பிடித்தபோது தேன்மொழி குறுக்கே விழுந்தாள்.

"அறுக்காதீங்க சாமி! அதை அறுத்தா எந் தாலியை அறுத்த மாதிரி!"

"நோம்பி முடிஞ்சும் காப்போட இருக்கப்படாது புள்ள, ஊருக்கு ஆவாது."

"அந்தப் பாவம் எனக்கே வரட்டுங்க!"

அப்பாசாமி கையை உருவி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டான்.

இன்றைக்குப் பன்னிரண்டாம் நாள். மஞ்சள் கயிறு நைந்து இரண்டே இழையில் நிற்கிறது. டிவியில் எவனோ ஒரு கதாநாயகன் புகையை ஊதிக்கொண்டு நடந்து வருகிறான். மாற்றலாமென்றால் ரிமோட் இன்னும் மிளகு மூட்டைக்குள். அப்பாசாமியின் வலது கை மடியைத் தேடிப் போகிறது. இடது கை ஓடிவந்து அந்த மணிக்கட்டைக் கயிற்றோடு பிடித்துக்கொள்கிறது. தேன்மொழி அந்த இரண்டு இழையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

உங்க ஊட்டுல பீடி சிகரெட்டை உட்டவங்க இருந்தா, இந்த மாதிரி நாளை எப்படித் தாண்டுனாங்கன்னு எழுதுங்க கண்ணுங்களா. சீக்கிரம் எழுதுங்க. தேன்மொழிக்குப் படிச்சுக் காட்டோணும்.